விமான நிலைய விரிவாக்கமும் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடுபாதை நீளப்போகிறது, முனையம் பெரிதாகப்போகிறது என்ற பேச்சு எழும் ஊர்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. பதில்கள் இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை. நில எடுப்பு, இழப்பீடு, இரைச்சல் பற்றி இங்கே இல்லை. தண்ணீர் மட்டும்தான்.

ஏற்கெனவே இருக்கிற ஏர்போர்ட்தானே? பெருசு பண்ணவும் அனுமதி வாங்கணுமா?

வாங்க வேண்டும். 2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, வணிகப் பயன்பாட்டு விமான நிலையங்களை அட்டவணையின் 7(ஏ) இனத்தில் ‘ஏ’ பிரிவாக வைத்திருக்கிறது. அதனால் முடிவு எடுப்பது சென்னையில் அல்ல, டெல்லியில். வல்லுநர் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைக்கும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆணை தரும். இது ‘முன்’ அனுமதி. நிலத்துக்கு வேலி போட்டுக் காப்பதைத் தவிர, ஆணை கைக்கு வரும் முன் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

ஒரு விலக்கு உண்டு. நிலையத்தின் பரப்பு கூடாமல் முனையக் கட்டடம் மட்டும் விரிவதை 2022 திருத்தம் ‘பி2’ பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவில் முழு ஆய்வறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது. ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது இரண்டு: புதிதாக நிலம் சேர்கிறதா? ஓடுபாதை மாறுகிறதா?

இந்த ஒரு அனுமதி வந்துட்டா எல்லாம் முடிஞ்சுதா?

இல்லை. 1974 நீர்ச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தனியாக வேண்டும். அதில் நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என இரண்டு உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்களுக்கு நிறுவும் இசைவாணை தனியாகத் தேவையில்லை என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. இயக்கும் இசைவாணைக்கு அப்படி விலக்கு இல்லை. எவ்வளவு கழிவுநீர், எந்தத் தரத்தில், எந்த இடத்தில் வெளியேறலாம் என்ற எண்கள் இருப்பது அந்தத் தாளில்தான்.

ஏரி, ஓடை, வாய்க்காலைத் தொட்டால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், காட்டு நிலம், நிலத்தடி நீர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகம். தண்ணீர் பற்றிய கேள்வி இப்படிப் பல மேசைகளில் சிதறிக் கிடப்பதால், “அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்ற பதில் எல்லா மேசையிலும் கிடைக்கும்.

மொத்தம் எத்தனை படி? எந்தப் படியில நாம உள்ளே போகலாம்?

விண்ணப்பம் போனதும் குழு ஆய்வு வரையறையைத் தரும். எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற பட்டியல் அது. பிறகு அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம் களத்தரவு சேகரித்து வரைவு அறிக்கை எழுதும். அதன்மேல் மக்கள் கருத்துக் கேட்பு. அங்கே எழுந்தவற்றுக்குப் பதில் சேர்த்து இறுதி அறிக்கை குழுவுக்குப் போகும். குழுவின் பரிந்துரைக்குப் பிறகு ஆணை. விண்ணப்பமும் கூட்டக் குறிப்புகளும் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் இருக்கும்.

சட்டம் வெளிப்படையாகத் திறந்து வைத்திருக்கும் வாசல் கருத்துக் கேட்பு. ஆனால் அதைவிடப் பயன் தருவது, ஆய்வு வரையறை முடிவாகும் முன்பே குழுவுக்கு எழுத்தில் தெரிவிப்பது. “இந்த ஏரியின் வரத்துக் கால்வாய் திட்டப் பகுதிக்குள் போகிறது, நீரியல் ஆய்வு வேண்டும்” என்ற ஒரு வரி வரையறையில் ஏறிவிட்டால், பின்னால் அதை யாரும் தவிர்க்க முடியாது. விரிவாக்கங்களில் எந்த அளவு ஆய்வு, கருத்துக் கேட்பு உண்டா இல்லையா என்பதைக் குழு தீர்மானிக்க 7(ii) பத்தி இடம் கொடுக்கிறது. அதனாலும் முந்திக்கொள்வது நல்லது.

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். எதைப் பார்க்கணும்?

பாதிக்குமேல் எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும் பொது உரை. தண்ணீருக்கு ஐந்து இடங்கள் போதும்: வடிகால் வரைபடம், புல எண் பட்டியல், களத்தரவு எடுத்த மாதங்கள், மழைநீர் வெளியேறும் இடம், கழிவுநீர்க் கணக்கு.

புல எண் பட்டியலை வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டோடும் (ஊரின் நிலப் பதிவேடு) கிராம வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். பதிவேட்டில் ‘ஏரி’, ‘ஓடை’, ‘வாய்க்கால்’, ‘குட்டை’ என்று இருக்கும் புறம்போக்கு, அறிக்கையில் ‘அரசு நிலம்’ என்ற ஒரே தலைப்பில் மறைந்திருக்கும். வடிகால் வரைபடம் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்ததாக இருந்தால் இரண்டு மீட்டர் அகல வாய்க்கால் அதில் விழாது. ஆனால் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரி பாயும் வயல்களுக்கு, தண்ணீர் கொண்டுவருவது அதுதான்.

மாதங்கள் இன்னும் முக்கியம். மார்ச்சிலிருந்து மே வரை தரவு எடுத்தால், வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகள் காய்ந்து கிடக்கும். ‘மாதிரி எடுக்க நீர் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். அந்தத் தரவை வைத்து வெள்ளத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அறிக்கை தாக்கலாகும்போது தரவுக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது.

எங்க ஏரி ஈரநிலம்தானே? அதைத் தொட முடியாதுன்னு சட்டமே இருக்கே?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 2017 ஈரநில விதிகள், ஆற்றுப் பாதைகளையும் நெல் வயல்களையும், குடிநீருக்காகவோ பாசனத்துக்காகவோ மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கின்றன. தமிழ்நாட்டு ஏரியும் கண்மாயும் பெரும்பாலும் பாசனத்துக்குக் கட்டியவை. ஆகவே அந்த விதியை மட்டும் நம்பி மனு எழுதினால் முதல் பதிலிலேயே விழுந்துவிடும். வேடந்தாங்கல், கரிக்கிலி போல ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் ஏறியவற்றின் நிலை வேறு.

பாசன ஏரிக்குத் துணை நிற்பவை வேறு சட்டங்கள்: நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கு 2007 தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், நீர்நிலைப் புறம்போக்கை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001 ஹின்ச் லால் திவாரி வழக்கிலும் 2011 ஜக்பால் சிங் வழக்கிலும் சொன்னவை. மனுவில் இவற்றை முன்னால் வையுங்கள்.

காங்கிரீட் போட்டா வெள்ளம் வரும்னு சொன்னா, “மழைநீர் வடிகால் கட்டுறோம்”ங்கிறாங்க. எவ்வளவு தண்ணி கூடும்னு நாமே கணக்குப் போட முடியுமா?

முடியும். வடிகால் பொறியாளர்கள் முதல் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தும் சூத்திரம் எளிது: வழிந்தோடும் குணகம் (விழும் மழையில் ஓடிப்போகும் பங்கு), மணிக்கு மில்லிமீட்டரில் மழை, ஹெக்டேரில் பரப்பு மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 100 ஹெக்டேர் புல்வெளி, மணிக்கு 60 மி.மீ. மழை, குணகம் 0.3 என்றால் விநாடிக்கு 5 கன மீட்டர். அதையே கான்கிரீட் ஆக்கினால் குணகம் சுமார் 0.9, விநாடிக்கு 15 கன மீட்டர்.

உச்ச அளவைப் போலவே மொத்த அளவும் கூடுகிறது. அதே 100 ஹெக்டேரில் 100 மி.மீ. மழை பெய்தால் விழுவது ஒரு லட்சம் கன மீட்டர். முன்பு 30,000 ஓடியது, இனி 90,000 ஓடும். கூடுதல் 60,000 கன மீட்டரை எங்கே, எத்தனை மணி நேரம் நிறுத்தி வைக்கப்போகிறார்கள்? ‘வடிகால் கட்டுகிறோம்’ என்பது இதற்குப் பதில் அல்ல. வடிகால் அந்தத் தண்ணீரை அடுத்த ஊருக்கு இன்னும் வேகமாகக் கொண்டுபோகும், அவ்வளவுதான். நிலையத்துக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். அடையாற்றை ஒட்டிய சென்னை விமான நிலையம் 2015 டிசம்பரிலும், கொச்சி 2018 ஆகஸ்டில் ஏறக்குறைய இரண்டு வாரமும் வெள்ளத்தால் மூடிக் கிடந்தன.

வாய்க்காலை மூடலை, சுத்தித் திருப்பி விடுறோம்னு சொல்றாங்க. அது போதாதா?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கழிவுநீர் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது; மட்டம் தவறிப்போன வாய்க்காலைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம்.

வாய்க்கால் ஓடுவது சரிவால். இரண்டு கிலோமீட்டரில் ஒரு மீட்டர் இறங்கும் வாய்க்காலை ஓடுபாதையைச் சுற்றி நான்கு கிலோமீட்டராக நீட்டினால் சரிவு பாதியாகும். ஓட்டம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதே குறுக்களவில் பழைய அளவில் 71 சதவீதம்தான் போகும். வேகம் குறைவதால் வண்டல் படியும், படியப் படிய இன்னும் குறையும். சரிவைக் காப்பாற்றப் படுகையை ஆழமாகத் தோண்டினால் வாய்க்கால் ஏரிக்குள் நுழையும் மட்டம் தாழ்ந்துபோகும். ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டத்துக்குக் கீழே வந்து சேரும் வாய்க்காலில் ஏரித் தண்ணீரே எதிர்த்து ஏறி நிற்கும். ஏரி நிரம்பாது, மேலே உள்ள ஊரில் தண்ணீர் தேங்கும்.

எனவே நான்கு எண்களைக் கேளுங்கள்: பழைய, புதிய வாய்க்காலின் தொடக்க மட்டமும் முடிவு மட்டமும், குறுக்களவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிவமைத்தார்கள் என்பது, ஏரியின் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) மட்டம். ஓடுபாதைக்கு அடியில் பெட்டிப் பாலமாகக் கொண்டுபோனால், உள்ளே தூர் வாருவது யார், பாதுகாப்பு வேலிக்குள் நுழைய அனுமதி எப்படி என்பதும் எழுத்தில் வேண்டும். விமான நிலைய வேலிக்குள் சிக்கிய வாய்க்காலை ஊர்க்காரர் மண்வெட்டியோடு போய்த் திறக்க முடியாது.

கட்டும்போது என்ன கெடுதல் வரும்?

முதலில் வருவது மண். மேடாக்கக் கொட்டிய மண்ணை முதல் மழை கரைத்துக்கொண்டு போய் ஏரியிலும் வாய்க்காலிலும் படியவைக்கும். மீனின் செவுள் அடைபடும், மதகு தூர்ந்துபோகும், கொள்ளளவு குறையும். பெரிய மண்வேலையை அக்டோபருக்கு முன் முடித்து, திறந்து கிடக்கும் மண்ணில் புல் பிடிக்கவைப்பதும், வெளியேறும் இடத்தில் வண்டல் படியும் தொட்டி வைப்பதும்தான் தீர்வு. களிமண் துகள் தானாகப் படிய நாள்கணக்கு ஆகும் என்பதால், சின்னத் தொட்டி மணலை மட்டும் பிடிக்கும். கலங்கிய தண்ணீர் அப்படியே போகும்.

நிரப்பும் மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். வேறு ஓர் ஏரியில் எடுத்தால் அங்கே தனி அனுமதி வேண்டும். இடிபாட்டுக் கழிவோ தொழிற்சாலைச் சாம்பலோ கலந்திருந்தால் அதன் கசிவு நிலத்தடி நீருக்குப் போகும்.

ஓட ஆரம்பிச்ச பிறகு எண்ணெய் கலக்காதா? “செப்பரேட்டர் இருக்கு”ன்னு ஒரே வரியில முடிச்சுடுறாங்க.

விமானம் நிற்கும் தளத்தில் எரிபொருள் சிந்துவது சாதாரணம். எண்ணெய் பிரிப்பான் செய்வது ஒன்றுதான்: தண்ணீரை மெதுவாக்கி, எண்ணெயை மிதக்கவிட்டு, மேலே இருந்து எடுப்பது. அது மூன்று வழிகளில் தோற்கும். தளத்தைச் சோப்பு போட்டுக் கழுவினால் எண்ணெய் நுண்துளியாகிப் பாலாக மாறும், மிதக்காது. கனமழையில் கொள்ளளவு மிஞ்சினால் மாற்றுவழியில் நேரே வெளியே போகும். அடியில் சேறு அள்ளாமல் விட்டால் தண்ணீர் நிற்கும் நேரம் குறைந்து எண்ணெயும் கூடவே போகும்.

பெரிய கசிவுக்குத் தேவை வெளிவாயில் மூடும் கதவு. அது கையால் திருகுவதா, மின்சாரத்தால் இயங்குவதா, இரவில் மூடுவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பில் எண்ணெயும் கிரீசும் லிட்டருக்கு 10 மில்லிகிராம்.

கழிவுநீர்க் கணக்கு சரியான்னு எப்படிப் பார்க்கிறது?

இந்தியத் தரநிலையில் விமான நிலையத்துக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர். நாளுக்கு 20,000 பேர் என்றால் 14 லட்சம் லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீரானால் 11.2 லட்சம் லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் இதைவிடச் சிறிதாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பணியாளர், வழியனுப்ப வருவோர், உணவகங்களைச் சேர்த்தார்களா என்பதையும் பாருங்கள். பொது வரம்பில் லிட்டருக்கு பிஓடி (கழிவை மட்கவைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) 30, கரையாமல் நீரில் கலந்து நிற்கும் திடப்பொருள் 100 மில்லிகிராம். இசைவாணையில் இதைவிடக் கடுமையான எண் இருந்தால் அதுவே செல்லும்.

விமானக் கழிப்பறைத் தொட்டியிலிருந்து வரும் நீலத் திரவம் தனி விஷயம். அதில் கிருமிகொல்லி உண்டு. லாரியில் வந்ததை ஒரே மடக்கில் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டினால் அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவே செத்துப்போகும். சமன்தொட்டியில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

‘திரவக் கழிவு வெளியேற்றமே இல்லை’ என்ற உறுதி இருந்தால் மழைக்காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். புல்வெளிக்குப் பாய்ச்சுவதாகச் சொன்ன தண்ணீரை, புல்வெளியே ஊறிக் கிடக்கும் நவம்பரில் எங்கே விடுவார்கள்?

தீயணைப்பு நுரையில விஷம் இருக்குன்னு படிச்சேன். உண்மையா?

பழைய வகை நுரைகளில் ஃப்ளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஎஸ் (PFOS) 2009-இலேயே, மட்காத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. இவை மண்ணிலும் நீரிலும் மட்காது, காய்ச்சினாலும் போகாது. பொதுக் கழிவுநீர் வரம்பு அட்டவணையில் இவற்றுக்கு எண்ணே இல்லை என்பதால் வழக்கமான பரிசோதனையில் தெரியவும் தெரியாது. பயிற்சித் தளத்தின் வடிகால் மழைநீர்க் கால்வாயில் சேரக் கூடாது, ஃப்ளோரின் இல்லாத நுரைதான் வாங்க வேண்டும் என்ற இரண்டையும் அனுமதி நிபந்தனையாகக் கேட்கலாம்.

இறக்கையில் பனி உருக்கும் திரவம் பற்றி அறிக்கையில ஒரு பத்தி இருக்கே?

தமிழ்நாட்டு அறிக்கையில் அது இருந்தால் வேறு எங்கிருந்தோ ஒட்டியது. மற்ற பத்திகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

வெள்ளத்துக்குப் பெரிய குளம் வெட்டினா தீராதா?

தீரும், ஆனால் பறவை வரும். விமானத்தில் பறவை மோதுவது உயிர்ப் பிரச்சினை. நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டவும் விலங்கு அறுக்கவும் வானூர்தி விதிகளின் 91ஆம் விதி தடை போடுவது அதனால்தான். எனவே நிறுத்தி வைக்கும் குளம், மழை நின்ற 48 மணி நேரத்துக்குள் வடிந்து காய வேண்டும், அல்லது நிலத்தடித் தொட்டியாக இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் வடிய, வெளிவாயிலுக்குக் கீழே இடம் வேண்டும். கீழே உள்ள ஏரி ஏற்கெனவே கலங்கல் வழிந்துகொண்டிருந்தால் வடியாது.

இதே காரணத்தைச் சொல்லி, வேலிக்கு வெளியே உள்ள ஏரியையும் வற்றவைக்க வேண்டும் என்ற பேச்சு பின்னால் வரலாம். அறிக்கையில் பறவை மேலாண்மைப் பகுதியை அதற்காகவும் படியுங்கள்.

நாமே தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணினா ஏத்துப்பாங்களா?

முறையாக எடுத்தால் எடை உண்டு. வேலை தொடங்கும் முன்பே, திட்டப் பகுதிக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், மழைக்கு முன்னும் பின்னும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே வந்து எடுப்பது நல்லது. கரைந்த ஆக்சிஜனுக்கான மாதிரியை அந்த இடத்திலேயே வேதிப்பொருள் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். எண்ணெய்க்குக் கண்ணாடிப் பாட்டில். அதை மாதிரி நீராலேயே அலசக் கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டிக் கணக்கு ஏறிவிடும். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி. இந்தியத் தரமுறையில் பிஓடி என்பது 27 டிகிரியில் 3 நாள் சோதனை. வெளிநாட்டு 5 நாள் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துல எப்படிப் பேசணும்?

குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; வரைவு அறிக்கையும், ஆங்கிலத்திலும் தமிழிலும் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. “எல்லோரும் எதிர்த்தோமே, எப்படி அனுமதி வந்தது?” என்ற கேள்விக்குப் பதில் இதுதான். குழு பார்ப்பது எத்தனை பேர் என்பதை விட, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதை.

எனவே ஒருவர் ஒரு கேள்வி, புல எண்ணோடு. வாய்க்கால் கேள்வியில் சொன்ன நான்கு எண்களை ஒருவர், களத்தரவு எடுத்த மாதங்களை இன்னொருவர். பேசியதையே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதுவரை கலையாதீர்கள்.

விண்ணப்பத்துல ஏரியையே காட்டாம விட்டுட்டாங்க. என்ன செய்யலாம்?

உண்மையை மறைத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கவும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யவும் அறிவிக்கையின் 8(vi) பத்தி இடம் தருகிறது. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் முதல் படிவத்திலேயே முக்கியத் தகவல்கள் விடுபட்டதைக் காட்டித்தான் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது. ஆனால் மறு ஆய்வுக்குப் பிறகு, கூடுதல் நிபந்தனைகளோடு 2020 ஜனவரியில் அந்தத் தடை நீங்கியது. மறைப்பை நிரூபித்தால் திட்டம் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம்; கேள்வி மறுபடி குழுவின் மேசைக்குப் போகும், அங்கே பேச நம்மிடம் சரக்கு இருக்க வேண்டும்.

அனுமதி வந்துடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை. இணையத்தில் ஏறியதா, நாளிதழில் வந்ததா, எது முதலோ அதிலிருந்தே நாள் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னிந்திய அமர்வு சென்னையில் இருக்கிறது.

கெடு போனாலும் நிபந்தனைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டு, நிபந்தனைக்கு எதிரே எழுதியதைக் களத்தோடு ஒப்பிடுங்கள். ‘நிறைவேற்றப்படும்’ என்ற ஒரே சொல் மூன்று அறிக்கைகளில் தொடர்ந்து வந்தால் வேலை நடக்கவில்லை. நிபந்தனை மீறல் குறித்துத் தீர்ப்பாயத்தை அணுக வழக்கு எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு.

அனுமதி வரும் முன்னாடியே மண் கொட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பின்னால வாங்கிக்கலாம்னு சொல்றாங்களே?

முதல் பதிலில் சொன்னபடி அது விதிமீறல். பின்தேதி அனுமதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. ஆகவே ‘பின்னால் வாங்கவே முடியாது’ என்ற வாதத்தை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். தேதியும் இடத்தின் ஆயத்தொலைவும் (ஜிபிஎஸ்) பதிவாகும் படங்களை எடுத்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்க்கால் மூடப்பட்டிருந்தால் நீர்வளத் துறைக்கும், நிலம் நீர்நிலைப் புறம்போக்கு என்றால் வட்டாட்சியருக்கும் தனித்தனி மனு. ஒரே மனுவில் எல்லோருக்கும் நகல் போட்டால், யாருமே அதைத் தங்களுக்கு வந்ததாக எடுத்துக்கொள்வதில்லை.